நாளுக்கு நான்கு மந்திரம்

சனிக்கிழமை ராத்திரி. பழைய வண்ணாரப்பேட்டை,
மூன்றாவது மாடி. மேசைமேல் மிக்சர் தட்டு,
இருபது முகப் பகடை, பென்சிலில் வரைந்த ஒரு நகரம்.
கருநீர்க்கோட்டை என்று பெயர் வைத்திருந்தேன்.
அங்கே ஒரு காய்ச்சலை இறக்கிவிட்டிருந்தேன்.
நாக்கில் உப்புப் பூக்கும். மூன்றாம் நாள் பார்வை போகும்.
ஒரு வாரம் உழைத்து உண்டாக்கிய நோய்,
கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

விதியையும் நானே எழுதினேன்:
வாள்வெட்டை மந்திரம் மூடும்,
காய்ச்சலை மூடாது.
விடியலுக்கு ஒரு பகடை, மூன்று விடியல்,
வேர், கஷாயம், பத்தியம், இரண்டு பக்கம்.
"கையத் தூக்கினதும் கொள்ளைநோய் ஓடிட்டா
அப்புறம் கதைக்கு என்ன வேலை?"
சதக்கத்துல்லா தலையாட்டினான். அவன் குள்ளன்,
கோடரி போதும் அவனுக்கு.
புகழேந்தி கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான்.

ஜெசிந்தாதான் வைத்தியக்காரி.
ஆறு மாதமாக எங்கள் உயிர் அவள் கையில்.
இடது கையை மேசையில் படாமல் வைத்துக்கொள்வாள்.
சட்டைக்குள், நரம்பைத் தைத்து வைத்த மேடு
தூங்கும் பூனை மாதிரி அதிர்ந்துகொண்டே இருக்கும்.
திங்கள், புதன், வெள்ளி, ஸ்டான்லி ஆஸ்பத்திரி.
தண்ணீரையும் அளந்து குடிப்பவள்.

இரண்டு பக்கத்தையும் படித்தாள்.
"இங்கயுமா?"

ஃபிரிட்ஜ் மட்டும் பேசியது.

"இங்கயும் பத்தியம், இங்கயும் நாளைக்கு வா.
நான் எதுக்குடா ஆட்டோ புடிச்சு வரேன்?"

குறுக்கே கோடு போட்டு அடித்தேன்.
சரி, தொட்டால் போகும். முழுசாகப் போகும்.
வடு இல்லை, பில் இல்லை.
கையை நீட்டினாள், வலது கையை.
கோட்டை வாசலில் ஒரு மூட்டைக்காரன்
நாக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து நடந்தான்.
அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு!
நாங்கள் மேசையைத் தட்டினோம்.
கீழ்வீட்டுக்காரர் கீழிருந்து தட்டினார்.

"ஒரு நாளைக்கு எத்தனை மந்திரம் எனக்கு?"
"நாலு."
"வாசல்ல எத்தனை பேரு?"
யோசிக்காமல் சொன்னேன்: "நானூறு."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.
அடித்த இரண்டு பக்கத்திலும் இல்லாத நோய்.

குழந்தைங்க முதல்ல, என்றான் புகழேந்தி.
காவல்காரங்க முதல்ல, கோட்டை விழுந்தா எல்லாரும் காலி,
என்றது குள்ளன்.
அவள் யாரையும் பார்க்கவில்லை. பென்சிலை எடுத்தாள்.
"அடுத்த ஆள் பேர் என்ன?"

பெயரா?
நானூறு எனக்குக் கூட்டம். அவளுக்கு வரிசை.
சொன்னேன். அடுத்தது. அடுத்தது.
வயசு கேட்டாள். எங்கிருந்து நடந்து வந்தார்,
சாப்பிட்டாரா, கூட வந்தது யார்.
கற்பனைப் பெயர்கள் பதினேழோடு தீர்ந்தன.
பிறகு தெருவிலிருந்து எடுத்தேன்:
பால் பூத் அலமேலு, இஸ்திரி வண்டி நாகூரான்,
மாவு மில் டேவிட்சன்.
ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் எண்.
டோக்கன் எழுதும் கை எவ்வளவு வேகமாக எழுதும்
என்று தெரிந்தவள்,
மெதுவாக எழுதினாள்.

ஒன்றரை மணிக்கு அறுபத்து மூன்று.
கதை ஒரு அடி நகரவில்லை.
சதக்கத்துல்லா மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கியபடி
ஒவ்வொரு பெயருக்கும் "ம்" சொல்லிக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது, படியில், செருப்பில் கால் நுழைத்தபடி:
"இன்னைக்கு மூணு பாக்கி இருக்கில்ல?
அடுத்த வாரத்தோட சேருமா?"
"சேராது. விடிஞ்சா மறுபடி நாலுதான்."
"அப்ப எழுதிக்கோ. பன்னிரண்டு. நாற்பது. ஐம்பத்தொன்பது."
ஆட்டோ வந்துவிட்டது.

மேலே வந்து நோட்டைப் புரட்டினேன்.
பன்னிரண்டு: கூட யாரும் வரவில்லை.
நாற்பது: கூட யாரும் வரவில்லை.
ஐம்பத்தொன்பது: மாவு மில் டேவிட்சன்,
துணைக்கு ஒரு நாய்.